22 வயதில் பாராதைராய்டு கட்டி: புற்றுநோயா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. ரத்தத்தில் கால்சியம் 11.8, பி.டி.எச். 142. ஸ்கேனில் பாராதைராய்டு கட்டி ஒன்று தெரிகிறது, அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார்கள். இது புற்றுநோயா? பால், தயிரை நிறுத்தினால் போதாதா? என் தம்பிக்கும் சிறுநீரகக் கல்லும் தீராத வயிற்றுப்புண்ணும் உண்டு.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். பாராதைராய்டு கட்டிகளில் புற்றுநோயாக இருப்பவை நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை பி.டி.எச். ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். கூடினால் சுரப்பு அடங்கிவிடும். உங்கள் மகனுக்குக் கால்சியம் 10.5 என்ற எல்லையைத் தாண்டியும் சுரப்பு அடங்கவில்லை. மிகுதிக் கால்சியம் சிறுநீரில் இறங்கிக் கல்லாகிறது. அதனால் பாலை நிறுத்திப் பயனில்லை. நிறுத்தினால் எலும்பிலிருந்துதான் இன்னும் கூடுதலாக உறிஞ்சப்படும். வழக்கமாகச் சாப்பிடட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். கால்சியம் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.

எனக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்று உண்டு. இளம் வயதில் மறுபடி மறுபடி கல் வந்தாலும் வாழைத்தண்டுச் சாறு, கல்லை உடைக்கும் சிகிச்சை என்று நாட்களைக் கடத்துகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் பார்ப்பதில்லை. உங்கள் மருத்துவர் பார்த்திருக்கிறார், நல்லது.

இந்த நோய் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு வருவது. 22 வயதில் வந்தால் கத்தியை எடுக்குமுன் இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும். ஒன்று, 24 மணி நேரச் சிறுநீரில் எவ்வளவு கால்சியம் வெளியேறுகிறது என்பது. அது மிகக் குறைவாக இருந்தால், அறுவை சிகிச்சை தேவைப்படாத ஒரு பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். கல் இருப்பதால் அதற்கு வாய்ப்பு குறைவுதான், ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தின் கடைசி வரி. அதைப் படித்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'மென் 1' என்ற மரபணுக் கோளாறில் பாராதைராய்டோடு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் கணையத்திலும் கட்டிகள் வரும். கணையம், முன்சிறுகுடல் பகுதிகளில் வரும் சில கட்டிகள் வயிற்றில் அமிலத்தைப் பெருக்கித் தீராத புண்ணை உண்டாக்கும். உங்கள் தம்பிக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மகனுக்கு 'மென் 1' மரபணுப் பரிசோதனை செய்யாமல் அறுவை மேசைக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கோளாறு இருந்தால், ஸ்கேனில் ஒரு கட்டி மட்டும் தெரிந்தாலும் நான்கு சுரப்பிகளும் பழுதாகியிருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் நோய் திரும்ப வரும். பொதுவாக மூன்றரைச் சுரப்பிகளை எடுப்பார்கள்.

கோளாறு இல்லையென்றால் வேலை எளிது. கழுத்தில் சிறிய கீறலில் ஒரே சுரப்பியை எடுத்துவிடலாம். எடுத்த பத்து நிமிடங்களில் மேசையிலேயே ரத்தம் எடுத்து, பி.டி.எச். பாதிக்கு மேல் இறங்கிவிட்டதா என்று பார்க்கலாம். அனுபவமுள்ள அறுவை நிபுணர் செய்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். வீடு திரும்பிய பின் உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, விரல் இழுத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கால்சியம் அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம்.

தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே மரபணுக் கோளாறு என்றால், அது பெரும்பாலும் உங்கள் வழியாகத்தான் வந்திருக்கும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் நீங்களும் தம்பியும் ரத்தத்தில் கால்சியம் பார்த்து, அந்த முடிவுகளோடு நாளமில்லாச் சுரப்பி நிபுணரைச் சந்தியுங்கள்.