பதில்: தம்பியின் அறிவுத்திறன் சோதனையில் வேக மதிப்பெண் மட்டும் குறைந்தது ஏன்?

வணக்கம். எதிலும் பிழையற்ற ஒழுங்கை வலியுறுத்தும் ஆளுமைக் கோளாறின் கூறுகள் உள்ள தங்கள் தம்பிக்கு, வெக்ஸ்லர் சோதனையில் மொழிப்புரிதல் 118, செயல்வேகம் 84 என வந்திருப்பதால், கோளாறு அவருடைய அறிவைக் குறைத்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இவ்விரு எண்களைக் கொண்டு அப்படி முடிவு செய்ய இயலாது.

சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகிப் பரவியிருக்கும் அளவு) 15 என்ற அந்த அளவுகோலில் 84 சற்றுக் குறைவுதான். ஆனால் செயல்வேகத்தை அளக்கும் குறியீட்டுப் பணிகள் (குறியீடுகளைத் தேடுவது, பார்த்து வரைவது) ஒவ்வொன்றுக்கும் 120 நொடிகளே தரப்படுவதால், விடைகளை மீண்டும் மீண்டும் சரிபார்த்து, கோடு கோணலாகிவிடக் கூடாதென்று நிதானமாக வரைபவர், ஒரு பிழைகூட இல்லாமலேயே குறைந்த மதிப்பெண் பெற நேரிடும். எனவே அறிக்கையில் பிழைகளின் எண்ணிக்கையும், அவர் பணியாற்றிய விதம் பற்றிய குறிப்பும் உள்ளனவா என்று பாருங்கள். நானாக இருந்தால் எண்களுக்கு முன் அவற்றையே படிப்பேன்.

மனச்சோர்வு, தூக்கமின்மை, பதற்றம் தணிக்கத் தரப்படும் பென்சோடயாசெபைன் வகை மாத்திரைகள் ஆகியவையும் வேகத்தைக் குறைக்கக்கூடியவை என்பதால், சோதனை நாளில் அவர் உட்கொண்ட மருந்துகளை உளவியலாளரிடம் தெரிவியுங்கள். இடைவெளி 34 புள்ளிகளாக இருக்கையில் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துத் தரும் மொத்த அறிவுத்திறன் ஈவு (IQ) அவரைச் சரியாகக் காட்டாது. அதை உறவினர்களிடம் சொல்லவும் தேவையில்லை.