மனை கேளுங்கள்: அப்ரூவல் இருக்கு, மட்டம் பார்த்தீங்களா?

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்ததிலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கத்துக் கேள்விகளே அதிகம் வருகின்றன. இந்த இதழில் அவற்றிலிருந்து ஐந்து.

ஊரப்பாக்கம் அருகே "பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை ஒன்று பக்கத்து லேஅவுட் விலையில் பாதிக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

வேண்டாம். லேஅவுட்டை அங்கீகரிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வரைபடத்தை ஏற்ற பிறகே உள்ளாட்சியின் கையெழுத்துக்கு மதிப்பு. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு, விவசாய நிலத்தைப் புதிதாகக் கூறுபோட்டு விற்கும் அங்கீகாரமற்ற மனையைச் சார்பதிவாளர் பதிய மாட்டார்; பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான பத்திரம் இருந்தால் கதை வேறு. அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின் கீழ் அந்த மனைக்கு உத்தரவு வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். "பணம் கட்டியாச்சு, வந்துடும்" என்பது உத்தரவு ஆகாது. ரசீதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீட்டு பிளான் அனுமதிக்குப் போகும்போது மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கூடுவாஞ்சேரிக்கு மேற்கே டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இரண்டும் உள்ள மனை. ஏரியிலிருந்து 200 மீட்டர். மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், மேற்கு தாம்பரம்

உண்டு. இரண்டு மூன்று நாள் அலைய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் லேஅவுட்காரரிடம் நீர்வளத் துறை கொடுத்த தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தாழ்வான இடங்களுக்கு அங்கீகாரம் தரும் முன் வெள்ள அபாயம் பற்றி அந்தத் துறையின் கருத்தைக் கேட்பார்கள். சான்றின் முதல் பக்கத்தை மட்டும் காட்டுவார்கள். நீங்கள் நிபந்தனைகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள். மனைமட்டத்தை எத்தனை மீட்டர் உயர்த்த வேண்டும், எந்த வாய்க்காலை எவ்வளவு அகலத்தில் விட வேண்டும், எங்கே சிறுபாலம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். மண் அடித்தது தெரு மட்டும், மனைகள் பழைய வயல் மட்டத்திலேயே கிடக்கின்றன என்றால், அந்தச் செலவு உங்கள் தலையில்.

அடுத்து, 200 மீட்டர் என்பதை விட எந்தப் பக்கம் என்பதே முக்கியம். கரைக்கு உள்ளே, ஏரி நிறையும்போது தண்ணீர் பரவும் பக்கம் உள்வாய். அங்கே பட்டா நிலமே ஆனாலும் தொடாதீர்கள். கரைக்கு வெளியே மதகுக்குக் கீழே இருப்பது ஆயக்கட்டு, அதாவது பழைய நஞ்சை. அங்கே வயலுக்குப் பாய்ந்த வாய்க்கால்கள் இப்போது எந்தத் தெருவுக்கு அடியில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கலங்கல். ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் இடம் அது. கலங்கலில் நின்று, அங்கிருந்து கிளம்பும் ஓடையோடு அடுத்த ஏரிவரை நடந்து போங்கள். செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிகள் சங்கிலி போல ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகும்படி அமைந்தவை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து உபரி நீர் அடையாற்றில்தான் சேர்கிறது; 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டது ஊருக்கே தெரியும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) உங்கள் சர்வே எண் நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம் என்ற இடத்தில் எந்த ஏரியின் பெயர் இருக்கிறது. புலப்படத்தில் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம், எஃப்.எம்.பி.) உங்கள் எண்ணை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றியுள்ள நான்கைந்து எண்களையும் எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஒரு படத்தில் வந்து சேரும் வாய்க்கால் அடுத்த படத்தில் எங்கே போகிறது என்பது அப்போதுதான் தெரியும். கணினியில் கூகுள் எர்த் திறந்து பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்தினால், மழைக்காலத்துப் படம் ஏதாவது கிடைத்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

இடத்தில் கோரையும் சம்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டியிருந்தால் அங்கே மாதக்கணக்கில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்து காம்பவுண்டுச் சுவர்களில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா பாருங்கள். ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய் தண்ணீர் டியூப் பிடித்து, தார்ச்சாலையின் நடுமட்டத்துக்கும் மனைக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரில் "தாங்கல்" இருந்தால் சிற்றேரி இருந்த இடம் என்பதையும் மறக்க வேண்டாம். விவரம் கேட்பதானால் புரோக்கரிடம் கேட்காதீர்கள், அந்தத் தெருவுக்குப் பால் போடுகிறவரிடம் கேளுங்கள்.

1,200 சதுர அடி மனை, தெருவை விட 2 அடி பள்ளம். 3 அடி மண் அடிக்க எத்தனை லோடு? அடித்த உடனே வீடு கட்டலாமா?
– வாசகர், மறைமலைநகர்

1,200-ஐ 3-ஆல் பெருக்கினால் 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). லாரியில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். கால் பங்கு கூட்டி 45 யூனிட் என்று பேசுங்கள். "லோடு" கணக்கில் ஒப்புக்கொள்ள வேண்டாம், டிப்பரின் தொட்டியை அளந்துவிடுங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், மூன்றரை அடி உயரம் என்றால் 294 கன அடி, ஏறக்குறைய 3 யூனிட். ஆக 15 நடை. கட்டட இடிபாடு, களிமண் இரண்டையும் திருப்பி அனுப்புங்கள். கிராவல் கலந்த செம்மண் நல்லது.

மொத்தத்தையும் கொட்டிவிட்டு மேலே ஜே.சி.பி. ஓட்டினால் மேல் ஓரடிதான் இறுகும். 6 முதல் 8 அங்குலம் பரப்பு, தண்ணீர் விடு, ரோலர் அல்லது ராம்மர் ஓட்டு, பிறகு அடுத்த அடுக்கு. அடித்த மண்ணின் மேல் அஸ்திவாரம் கூடவே கூடாது. பூட்டிங் (தூணின் அடித்தளம்) அடித்த மண்ணைத் தாண்டி, பழைய இயற்கை மண்ணில் உறுதியான மட்டத்தில் உட்கார வேண்டும். அதனால் மூன்றடி மண் அடித்தால் தூண் மூன்றடி நீளும். மதிப்பீட்டில் இதை விட்டுவிடுவார்கள். வீடு கட்டி ஒரு மழைக்காலம் போனதும் சுவரில் விரிசல் இல்லாமல் தரை டைல்ஸ் மட்டும் இறங்குகிறதென்றால், பிளிந்த்துக்குள் (வீட்டின் அடிமேடைக்குள்) போட்ட மண்ணைச் சரியாக இடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று: 3 அடி அடித்தாலும் நீங்கள் இன்றைய தெருவை விட ஓரடிதான் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் இரண்டு முறை மேல் தார் போட்டால் அதுவும் கரையும். முற்றத்தை அந்த மட்டத்தில் விட்டு, வீட்டுத் தரையை மட்டும் தெருவின் நடுமட்டத்திலிருந்து 3 அடி உயர்த்துங்கள்.

பத்திரம் பதிந்து ஆறு வருடம். பட்டா இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரில். இதனால் என்ன கெடுதல்?
– வாசகி, பொத்தேரி

வருவாய்த் துறைக் கணக்கில் உங்கள் மனை இன்னும் அவருடைய நிலத்தின் ஒரு துண்டு. அவரோ வாரிசுகளோ அந்தப் பட்டாவைக் காட்டி அதே நிலத்தை வேறொருவரிடம் பேச வழி இருக்கிறது. உட்பிரிவு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளக்க வரும்போது நான்கு மூலைக் கல்லும் இருக்க வேண்டும். கல் காணாமல் போன லேஅவுட்டில்தான் அடுத்த மனைக்காரரோடு தகராறு வருகிறது. வெறும் கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்த்துவிட்டு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், தனி உட்பிரிவு எண் கேளுங்கள். பட்டா கிடைத்ததும் பரப்பைச் சரிபாருங்கள்: 1,200 சதுர அடி என்பது ஏறத்தாழ 1.11 ஏர் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்), 2.75 சென்ட். 1.01 என்று தட்டச்சாகி வந்தால் நூறு சதுர அடிக்கு மேல் போச்சு.

பாதாளச் சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க்கை ஒட்டி உறிஞ்சுகுழி போட்டால் போதுமா?
– வாசகர், நந்திவரம்

மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடிக்கு ஏறிவிடும் தெருவில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது, கழிப்பறையில் திரும்பி வரும். நவம்பரில் பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போர்வெல்லுக்கும் குறைந்தது 50 அடி வேண்டும். 20 அடி அகல மனையில் உங்கள் போர்வெல்லுக்கே அந்த இடைவெளி கிடைப்பது கஷ்டம், பக்கத்து வீட்டுக்காரரின் போர்வெல் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் குழி தோண்டும் முன் கேட்டுவிடுங்கள்.