அண்டர்டேல் கேமைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், ஏன்?

அண்டர்டேல் 2015இல் வந்த ரெட்ரோ பாணி ஆர்பிஜி. அதாவது ஒரு பாத்திரமாக நாமே இருந்து கதையை நகர்த்தும் கேம், படங்கள் வேண்டுமென்றே பழைய காலத்துக் கட்டம் கட்டமான பாணியில். இசை உட்படப் பெரும்பகுதியை டோபி ஃபாக்ஸ் என்ற ஒருவரே செய்தார்.

கருத்து இரண்டாகப் பிரியக் காரணம், வழக்கமான பரிசை இது தருவதில்லை. மற்ற ஆர்பிஜிகளில் எதிரியைக் கொன்றால் பலம் கூடும். இதில் யாரையும் கொல்லாமலே முடிக்கலாம், ஆனால் அப்படிப் போனால் பலம் கொஞ்சமும் ஏறாது. தொடக்கத்தில் நம்மைத் தாய் போலப் பார்த்துக்கொள்ளும் டோரியலைக் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்குத் திரும்பிப்போய்க் காப்பாற்றினாலும், நீ செய்தது எனக்குத் தெரியும் என்று ஒரு பூ வந்து சொல்லும்! எனக்கு கேம் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பகிடியெல்லாம் ஆங்கில எழுத்தில் வருவதால், திருகோணமலையில் தமிழ் மீடியத்தில் படித்த பெடியன்கள் பலருக்குப் பாதி போய்ச் சேராது, அது நியாயமான குறைதான்.

எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பதுதான் விஷயம். திருகோணமலைப் பக்கத்து நிலாவெளிக் கடலில் நீந்துகிற நினைப்போடு அங்குள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் ஏமாற்றம்தானே, அங்கே இருப்பவை ஏழு சின்னக் கிணறுகள், வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும், ஆனால் அந்தச் சூட்டைத் தேடிப் போனவருக்கு அதுதான் சுகம்.

அப்புறம், படம் பழசாக இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கான சுலபமான கேம் என்று நினைக்க வேண்டாம். எல்லோரையும் கொல்லும் வழியில் கடைசியாக வரும், சான்ஸ் என்ற எலும்புக்கூட்டுப் பாத்திரத்துடனான சண்டை, நன்றாகப் பழகியவர்களையே திணறடிக்கும்.