அரண்டவன் கண்

அன்புள்ள சார்,

நோயெதிர்ப்பில் ஞாபகசக்தி பி, டி செல்களுக்கு மட்டும்தான், முதலில் ஓடிவரும் காவல் செல்களுக்குக் கிடையாது என்றுதான் பள்ளியில் படித்தேன். இப்போது அவையும் பழைய வைரஸ்களை நினைவில் வைத்திருக்கும் என்கிறார்கள். சில நாளில் செத்துப்போகும் செல் எதை நினைவில் வைக்கும்? அப்படியானால் அடிக்கடி காய்ச்சல் வருவது நல்லதா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாடப்புத்தகம் முழுப் பொய் சொல்லவில்லை. குழப்புவது 'நினைவு' என்ற சொல்தான். பி, டி செல்களுக்கு ஆள் அடையாளம் தெரியும். தட்டம்மை வைரஸ் பல வருடம் கழித்து வந்தாலும் பிடித்துவிடும். முதலில் ஓடிவரும் காவல் செல்களான மோனோசைட், மேக்ரோஃபேஜ் வகையறாவுக்கு முகம் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான். ஒருமுறை அடிபட்டால், பிறகு எது வந்தாலும் வேகமாகப் பாயும். 2011-இல் ஆராய்ச்சியாளர் மிஹாய் நெட்டேயாவும் சகாக்களும் இதற்குப் 'பயிற்சி பெற்ற நோயெதிர்ப்பு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. சுமார் 2 மீட்டர் நூல் அது. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றித்தான் உட்கருவுக்குள் அடைபட்டிருக்கிறது. தொற்று வந்ததும் அழற்சியைக் கிளப்பும் மரபணுக்கள் உள்ள இடத்தில் சுற்று தளரும், உருளைகளில் ரசாயன முத்திரைகள் விழும். தொற்று போன பிறகும் சில முத்திரைகள் தங்கிவிடும். அடுத்த முறை அந்த இடத்தைப் பிரித்துப் படிக்க நேரம் பிடிக்காது.

செத்துப்போகும் செல் பற்றிக் கேட்டீர்களே, ஆராய்ச்சியாளர்களையும் குடைந்த கேள்வி அது. மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் இருக்கும். ஆனால் 2012-இல் வெளியான ஆய்வில், பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டு 3 மாதம் கழித்தும், ஊசிக்குச் சம்பந்தமே இல்லாத கிருமிகளிடம் மோனோசைட்கள் கூடுதல் வேகம் காட்டின. எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த செல்களைப் பெற்றெடுக்கும் ஸ்டெம் செல்களிலேயே முத்திரை விழுந்துவிடுகிறது. தாய் உஷாரானதால் பிள்ளைகளும் உஷாராகவே பிறக்கின்றன.

காவல் செல்களில் இன்னொரு வகையான இயற்கைக் கொல்லி செல்கள் கதை வேறு. 2009-இல் எலிகளில் பார்த்தார்கள்: சைட்டோமெகலோ வைரஸின் ஒரு புரதத்தை அடையாளம் காணும் கொல்லி செல்கள் பெருகி, மாதக்கணக்கில் தங்கி, மறுமுறை அதே வைரஸிடம் கூடுதல் வேகத்தோடு பாய்ந்தன. இங்கே முகமும் தெரிகிறது. பாடப்புத்தகக் கோடு அழிவது இந்த இடத்தில்தான்.

அடிக்கடி காய்ச்சல் நல்லதா என்றால், இல்லை. அரண்டவன் சொந்த வீட்டிலும் கம்பைச் சுழற்றுவான்; இதே உஷார்நிலை ரத்தக்குழாய் அழற்சியையும் கூட்டக்கூடும். பிசிஜி கொரோனாவைத் தடுக்குமா என்று மருத்துவப் பணியாளர்களிடம் பெரிய சோதனை நடத்திப் பார்த்தார்கள். 2023-இல் முடிவு வந்தது: தடுக்கவில்லை. அந்த நாட்களில் தோளிலிருக்கும் பிசிஜி தழும்பைத் தடவிப் பார்த்துத் தைரியம் கொண்டவர்களில் நானும் ஒருவன்.