வாசல் முதல் வளவு வரை: வீட்டு அலங்காரம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கண்டனூரில் எங்கள் அப்பத்தா காலத்து வீடு இருக்கிறது. நாங்கள் சென்னையில் இருந்தாலும் நவராத்திரி, பிள்ளையார் நோன்பு, பொங்கல் என்று ஆண்டில் ஐந்தாறு முறை பங்காளிகள் எல்லோரும் அங்கே கூடுவோம். சென்ற முறை அலங்காரம் செய்ய வந்தவர்கள் முகப்புச் சுவரில் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தபோது, பளபளப்பான மேல்பூச்சும் கூடவே உரிந்து வந்துவிட்டது. சுவருக்குக் கேடு வராமல் ஆண்டு முழுவதும் வீட்டை அலங்கரிக்க வழி சொல்லுங்கள்.
வாசகி, கண்டனூர்

பதில்: உரிந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அங்கே சிமெண்டுப் பட்டி பார்க்க யாரையும் விடாதீர்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்துச் சுவர்ப்பூச்சு, மணலும் சுண்ணாம்பும் கலந்த முரட்டுப் பூச்சில் தொடங்கி, அடுக்குக்கு அடுக்கு நைசாகிக்கொண்டே போய், மைபோல் அரைத்த வெண்சுண்ணாம்பில் முட்டை வெண்கருவைச் சேர்த்துப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவதில் முடிகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி மறுபடி வெளியே விடும். சிமெண்டு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால், அடைத்த இடத்தைச் சுற்றியிருக்கும் நல்ல பூச்சும் நாளடைவில் பொரிந்து உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். காத்திருக்க நேர்ந்தாலும் அவர்களைக் கொண்டே சரிசெய்யுங்கள்.

இனி அலங்காரத்துக்கு வருவோம். உங்கள் அப்பத்தா சுவரில் எதையாவது ஒட்டினாரா என்று நினைத்துப் பாருங்கள். அவர் காலத்து அலங்காரம் எல்லாம் நிலையிலும் தூணிலும் தரையிலும் விளக்கிலும் இருந்தது. வீடும் அதற்கு ஏற்றபடியே கட்டப்பட்டிருக்கிறது. முகப்பு நிலையில் மாவிலைத் தோரணம், வளவு எனப்படும் உள்முற்றத்தின் தூண்களுக்கு இடையே தென்னங்குருத்துத் தோரணம், அதன் நடுநடுவே செவ்வந்திச் சரம் என்று கட்டினாலே ஒரு கல்யாண வீட்டின் களை வந்துவிடும். தூணில் நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பர்மாத் தேக்கிலும் வடு விழும். ஆகவே பழைய வேட்டித் துணியைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பருத்திக் கயிற்றையோ வாழைநாரையோ கட்டுங்கள். விட்டத்தில் வளையமோ கொக்கியோ இருந்தால், புதிய ஆணி ஒன்றுகூட அடிக்கத் தேவைப்படாது.

குலைவாழை கட்டும்போது பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வெட்டிய அடிமரத்திலிருந்து வடியும் வாழைச்சாறு சுண்ணாம்பிலும் கல்லிலும் பட்டால், காய்ந்த பிறகு பழுப்புக் கறையாக நின்றுவிடும். எவ்வளவு தேய்த்தாலும் முழுவதும் போகாது. அடியைச் சாக்கால் கட்டி, மணல் நிரப்பிய வாளியில் நிறுத்தி, வாளியை வண்ணத் துணியால் மறைத்துவிடுங்கள். அதுபோலவே குத்துவிளக்கைச் சுவரிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி வையுங்கள். வெண்சுவரில் படிந்த புகைக்கரியை ஈரத்துணியால் துடைக்கப்போனால் மெருகும் சேர்ந்து போய்விடும். சந்தனமும் குங்குமமும் நிலைப்படியோடு நிற்கட்டும். மேலே இருக்கும் கஜலட்சுமிச் சிற்பத்தின் நுணுக்கமான இழைப்புக்குள் அவை புகுந்துவிட்டால் எடுப்பது மிகவும் கடினம்.

ஆண்டு முழுவதற்கும் ஒரே அலங்காரம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆடிக்காற்றில் தொங்கும் சரம் எதுவும் தாங்காது. அந்த மாதத்துக்கு வாசலில் வேப்பிலைக் கொத்தும் தரையில் கோலமும் போதும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை வளவுக்குள்ளேயே இறங்கும் என்பதால், கார்த்திகைத் தீபத்தன்று அகல்களை முற்றத்தின் நடுவே வைக்காமல், சுற்றியுள்ள தாழ்வாரப் பத்தியில் தூணுக்கு இரண்டாக வையுங்கள். மானாமதுரையில் வனைந்த மண் அகல்களை வாங்கி, ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் எண்ணெயை அதிகம் குடிக்காது. தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்பு வரும்போது, மழை கழுவிய பொட்டல்களில் ஆவாரம்பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கும். மாவில் ஏற்றிய நூல்திரியைச் சுடரோடு உண்டு இழை எடுத்துக்கொள்ளும் அந்த மாலைக்கு ஆவாரம்பூவையும் நெற்கதிரையும்விடப் பொருத்தமான அலங்காரத்தை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: புது வீட்டுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். தீபாவளிக்குப் பிள்ளைகள் கலர்ப்பொடியில் போட்ட கோலத்தின் ஊதா நிறம் தரையில் இறங்கிவிட்டது. இந்த நிலையில் பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடலாமா என்று தயக்கமாக இருக்கிறது.
வாசகி, காரைக்குடி

பதில்: தயங்காமல் போடுங்கள். ஆனால் கறை ஏன் இறங்கியது என்பதைத் தெரிந்துகொண்டால் இனி வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பிச் சமன்செய்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழுவழுப்புத்தான் கல்லின் முகமாகிறது. கடையில் வாங்கும் டைல்ஸில் இருப்பது போன்ற கண்ணாடி மேற்பூச்சு இதில் கிடையாது. ஆகையால் சாயமோ எண்ணெயோ சிந்தினால் கல் உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சை, புளி, ஆசிட் எதுவும் பட்டால் அந்த முகமே அரிக்கப்பட்டுவிடும்.

ஊதாக் கறைக்கு ஆசிட் ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். சுண்ணக்கட்டிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கறையின்மேல் கனமாக அப்பி, ஓர் இரவு முழுதும் உலரவிட்டு, மெதுவாக எடுத்துவிட்டுத் துடையுங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் நிறம் மங்கும். மீதியை நடமாட்டம் தேய்த்துவிடும். முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் செய்து பார்ப்பது நல்லது.

நடுவீட்டுக் கோலத்தால் இந்தத் தொல்லை வராது. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துக் கரைத்த மாவில் சிறு துணியை நனைத்து, விரல் வழியே இழை இழையாக ஒழுகவிட்டுப் போடுவது அது. காய்ந்தபின் ஈரத்துணிக்கு எளிதில் வந்துவிடும். எறும்பு வருவதற்குள், மறுநாளே துடைத்துவிடுங்கள். கோலத்துக்குக் காவி கட்டும் ஆசை இருந்தால் அதைத் தெருவாசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் செம்மண் இந்தக் கல்லில் ஏறினால் ஊதாவைவிடப் பிடிவாதமாக நிற்கும். உங்கள் தரையிலேயே பூவும் கொடியும் நிறைந்திருப்பதால், வெள்ளைக் கோலத்தின் அழகு முழுவதும் தெரிய, ஒரே நிறத்தில் கல் பதித்த இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கொலுப் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். இந்த ஆண்டு பிரித்தபோது வண்ணம் தாளோடு ஒட்டிக்கொண்டது.
வாசகி, புதுவயல்

பதில்: மழைக்கால ஈரத்தில் தாளும் வண்ணமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துவைத்துத் துவைத்து மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, இடையிடையே வசம்பும் நன்றாக உலர்ந்த வேப்பிலையும் போட்டு, பெட்டியைத் தரையில் படாமல் மரப்பலகையின்மேல் வையுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். மண் பொம்மைக்கு ஈரத்துணி கூடாது.

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம், தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டின் முகப்புப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்கார ஆச்சி குடில் கட்டிக்கொள்ள மனமார அனுமதி தந்திருக்கிறார். அவருடைய வீட்டுக்கு எந்தச் சேதமும் வராமல் இருக்க வேண்டும்.
வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் அக்கறை அந்த ஆச்சிக்கு நிச்சயம் மகிழ்ச்சி தரும். திண்ணையில் ஒரு பழைய பலகையைப் போட்டு, அதன்மேல் குடிலைக் கட்டினால் தரையும் கெடாது, வேலை முடிந்ததும் அப்படியே தூக்கிவிடலாம். வைக்கோலும் பழைய மரமும் அருகருகே இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். அதிகம் சூடாகாத எல்இடி விளக்குச் சரத்தைப் பயன்படுத்தி, இரவில் படுக்கப் போகும்முன் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். பழைய வீட்டு மின்கம்பிகள் பல ஆண்டுகளுக்கு முன் போட்டவையாக இருக்கலாம் என்பதால், ஒரே பிளக்கில் மூன்று நான்கு சரங்களைச் சேர்க்காதீர்கள். நட்சத்திரத்தை விட்டத்துக் கொக்கியிலிருந்து கயிற்றில் தொங்கவிடலாம்.

குடிலின் புல்தரைக்கு பிளாஸ்டிக் வாங்க வேண்டியதில்லை. பத்து நாளைக்கு முன்பே அகன்ற மண்தட்டுகளில் கேழ்வரகையோ கோதுமையோ விதைத்துத் தண்ணீர் தெளித்துவந்தால், கிறிஸ்துமஸ் வாரத்தில் பசும்புல் விரலளவு வளர்ந்திருக்கும். பாலன் இயேசுவைக் கிடத்துவதற்குச் செட்டிநாட்டுப் பனையோலைக் கூடையான கொட்டான் ஒன்றை வாங்கிப் பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவேலை, வைக்கோல் விரித்த தீவனத் தொட்டியாக அவ்வளவு இயல்பாகப் பொருந்தும்.

கேள்வி: ஊரில் வயதான பெற்றோர் இருவர் மட்டும் இருக்கிறார்கள். ஏணி ஏறித் தோரணம் கட்ட அவர்களால் முடியாது. வெயில் காலத்தில் பூவும் உடனே வாடிவிடுகிறது. வீடு வெறிச்சென்று இருப்பதாக அம்மா வருந்துகிறார்.
வாசகர், பள்ளத்தூர்

பதில்: அம்மாவின் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பத்துப் பேர் புழங்கிய வீட்டில் இருவர் இருக்கும்போது, வீட்டின் எல்லாக் கட்டுகளையும் அலங்கரிக்க நினைத்தால் அயர்ச்சிதான் மிஞ்சும். அவர்கள் அன்றாடம் உட்காரும் இடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு மேல் எதுவும் இல்லாதபடி செய்யுங்கள். ஒரு வெண்கல உருளியை அகலமான முக்காலியில் வைத்து, காலையில் தண்ணீர் நிரப்பிப் பூவை மிதக்கவிட்டால், சரமாகத் தொடுத்த பூவைவிட அது நெடுநேரம் வாடாமல் இருக்கும். கொசு முட்டையிடாமல் இருக்கத் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். அதைப் பக்கத்திலிருக்கும் துளசிக்கு ஊற்றிவிடலாம்.

சித்திரையில் உருளியில் வேப்பம்பூவைத் தூவலாம், ஆவணியில் எருக்கம்பூவும் அருகம்புல்லும் வைத்த தட்டு ஒன்று பிள்ளையார்முன் போதும், மார்கழியில் வாசல் கோலத்துக்கு ஒரு பூசணிப்பூ. வெயில் உச்சத்தில் இருக்கும்போது வளவின் மேற்குப் பக்கம் வெட்டிவேர்த் தட்டி கட்டி மாலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். மணமும் குளிர்ச்சியும் சேர்ந்து வரும். அதைக் கட்டவும், பண்டிகைக்கு முதல்நாள் நிலையில் மாவிலை கட்டவும் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரிடமாவது இப்போதே சொல்லிவையுங்கள். எந்த மாமரத்து இலை, எத்தனை இலை என்பதை மட்டும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லட்டும்.