நுவரெலியாவில் வீட்டுக்கு வெக்யூம் கிளீனர்: 2000 வாட் மெஷின் வாங்கலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இது: முன்னறையில் காபட், மற்ற அறைகளில் சிவப்புச் சீமெந்துத் தரை, பிள்ளைக்குக் காலையில் எழும்பியதும் தும்மல், கடையில் 2000 வாட் மெஷினைக் காட்டுகிறார்கள்.

வாட் கணக்கை வைத்து வாங்காதீர்கள். மோட்டார் எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு தூசியை இழுக்கும் என்பதைச் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பர் முதல் வயரோடு வரும் வீட்டு மெஷின்கள் 900 வாட்டுக்குள்தான் இருக்க வேண்டும். காபட் சுத்தம் செய்யும் மெஷின்களும் அந்த அளவுக்குள்ளேயே அங்கே விற்பனையாகின்றன. நம் ஊர் 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். பழைய குவாட்டர்ஸ்களிலும் லயங்களிலும் இன்னும் இருக்கும் 5 ஆம்பியர் உருண்டைப் பின் பொயின்ட்டில் அடாப்டர் போட்டு இதைச் சொருகினால் பிளக் சூடாகும், பின் கருகும். 1200 வாட் மெஷினே 5 ஆம்பியரைத் தாண்டிவிடும். ஆகவே எதை வாங்கினாலும் சரியான வயர் இழுத்த 13 ஆம்பியர் பொயின்ட் ஒன்று வேண்டும்.

பார்க்க வேண்டியது உறிஞ்சு அழுத்தம், அதாவது கிலோபாஸ்கல் எண். அந்த எண்ணிலும் மலைநாட்டில் ஒரு பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி உண்டாக்கும் இழுப்பும் அதே அளவு குறையும். பெட்டியில் 20 கிலோபாஸ்கல் என்றிருந்தால் ஏறத்தாழ 17 என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் இந்தக் கழிவு பொருட்படுத்தும் அளவு இல்லை. இன்னொன்று, இந்த எண்ணை ஹோஸின் வாயை முழுதாக அடைத்து அளக்கிறார்கள். காபட்டுக்கு அழுத்தத்தோடு காற்றோட்டமும் வேண்டும். சின்ன ஹோஸ் உள்ள கைமெஷின்கள் பெரிய எண்ணைக் காட்டியும் காபட்டில் சோர்ந்துபோவது அதனால்தான்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு இதையெல்லாம்விட முக்கியம் ஃபில்டர். ஈரப்பதம் கூடிய ஊரில் மெத்தையிலும் காபட்டிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி பெருகும். தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் கழிவு. அது மிக நுண்ணிய தூள். சாதாரணத் துணிப்பை உள்ள மெஷின் அதை முன்னால் இழுத்துப் பின்னால் அறைக்குள்ளேயே விட்டுவிடும். கூட்டிய பிறகு தும்மல் கூடுகிறதென்றால் காரணம் இதுதான். ஹெபா என்பது நுண்தூளைப் பிடிக்கும் ஃபில்டர், எச் 13 அதன் தரம். ‘ஹெபா எச் 13’ என்று தெளிவாகக் குறித்திருப்பதை வாங்குங்கள், அது நுண்தூளில் 99.95 வீதத்தைப் பிடிக்கும். ‘ஹெபா வகை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அளவு எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

பையா, பையில்லாத டப்பாவா? கீழ்நாட்டில் டப்பா நல்ல தெரிவு. இங்கே நான் பையைத்தான் சொல்வேன். டப்பா மெஷினின் ஃபில்டரைக் கழுவினால் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும் என்று கைநூல் சொல்லும். தென்மேல் பருவமழையில், மூடுபனி இறங்கிய வாரத்தில், ஹட்டன், நுவரெலியாப் பக்கம் அது இரண்டு மூன்று நாளுக்கும் காயாது. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட காற்று. அங்கே இந்தச் சிக்கல் குறைவு. அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டினால் தூசி அதில் சேறாக அப்பும், இழுப்பு விழும், பூஞ்சண வாடை வரும், மோட்டாரும் சூடாகும். டப்பாதான் வேண்டுமென்றால் ஃபில்டரை இரட்டையாக வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்; அடுப்புக்கு மேலே வைத்துக் காயவைத்தால் நெளிந்துவிடும். டப்பாவைக் கொட்டும்போது பறக்கும் தூளும் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. பை மெஷினில் ஒட்டி மூடும் பலபடுக்கைப் பை நல்லது. நிறையும்வரை காத்திராமல் மாதத்துக்கு ஒன்று மாற்றுங்கள். ஈரத் தூசி உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும்.

மெத்தையைக் கூட்டும்போது சின்ன முனையை மெதுவாக இழுக்க வேண்டும். உயிருள்ள பூச்சி இழையைப் பிடித்துக்கொள்ளும், மெஷினுக்கு முழுதாக வராது. ஆகவே விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகைச் சுடுநீரில் துவையுங்கள். சுவரில் தெரியும் பூஞ்சணத்தில் மெஷினை வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

சிவப்புத் தரைக்கு மயிர்த் தூரிகை உள்ள தலை வேண்டும். வெறும் பிளாஸ்டிக் தலை மெழுகைக் கீறும். சப்பாத்தோடு வந்த செம்மண் சேற்றைக் காயவிட்டுப் பிறகு இழுங்கள். ஈரமாக இழுத்தால் ஹோஸின் வளைவுகளில் சீமெந்தாக இறுகிவிடும். விறகடுப்பு, கணப்புச் சாம்பலைச் சாதாரண மெஷினால் இழுக்கவே கூடாது: உள்ளே ஒளிந்த ஒரு கங்கு பையைப் பற்றவைக்கும், ஆறிய சாம்பலோ ஃபில்டரை உடனே அடைக்கும்.

வயரில்லாத மெஷின் படிக்கட்டுக்கும் தரைக்கும் வசதி. முழு வேகத்தில் பெரும்பாலானவை 8 முதல் 12 நிமிடம்தான் ஓடும், சில வருடங்களில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். காபட் வீட்டுக்கு அது இரண்டாவது மெஷினாக இருக்கட்டும்.

கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூடி ஓரமெங்கும் மெல்லிய தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காற்று வெளியேறும் வலையைத் தவிர வேறெங்கும் தாள் படபடத்தால், எச் 13 ஃபில்டர் இருந்தும் தூசி அந்த வழியாக வெளியே வரும், அதை வாங்காதீர்கள். அந்த மாடலுக்கான பையும் ஃபில்டரும் கையிருப்பில் உள்ளதா என்று கேட்டு, பத்துப் பையைச் சேர்த்தே வாங்குங்கள். எடுத்துக் காட்ட முடியாவிட்டால் வேறு மாடல் பார்ப்பது நல்லது.