கோட்டை வாசலில் ஆறு மணிக்கு: திருமலை நடை பற்றிய கேள்வி பதில்

பதினொரு வருடமாகத் திருகோணமலை நகரத்துக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. ஒரு குடும்பம், இல்லாவிட்டால் இரண்டு மூன்று நண்பர்கள், அதற்கு மேல் சேர்ப்பதில்லை. போன கிழமை இந்த நடையைப் பற்றி நாலு வரி எழுதப் போய் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

கேள்வி (டொரொண்டோ): ஓகஸ்டில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறோம். கோணேசர் கோயிலுக்கு ஓட்டோவில் போய் வரலாம்தானே தம்பி? அதற்கு ஏன் ஒரு ஆளுக்குக் காசு கொடுத்து நடக்க வேண்டும்?

கும்பிட மட்டும் என்றால் வேண்டாம் அக்கா. கோயில் கோட்டைக்குள், கடலோர மலை உச்சியில் இருக்கிறது. ஓட்டோ மேலே போகும், அர்ச்சனை செய்துவிட்டு அரை மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம். ஆனால் ஓட்டோவில் போகிற எல்லோரும் தவறவிடுகிற ஒரு இடம் இருக்கிறது, அது கோட்டை வாசல். வண்டி ஐந்து விநாடியில் அதைத் தாண்டிவிடும். நான் அங்கே கால் மணித்தியாலமாவது நிற்பேன். வாசல் கல்லில் இரண்டு மீன்கள் பக்கம் பக்கமாகச் செதுக்கியிருக்கும், பாண்டியரின் கயல். வெயில் ஏறினால் கல் ஒரே வெள்ளையாகி ஒன்றும் தெரியாது. காலைச் சூரியன் பக்கவாட்டில் விழும்போதுதான் செதுக்கின கோட்டுக்குள் நிழல் விழுந்து மீன் எழும்பி வரும். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அதைப் பார்த்துவிட்டு, "கோட்டையைக் கட்டின ஆட்கள் கிறிஸ்தவர்கள் என்றால் மீனை ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டது. அந்தக் கேள்வி வந்துவிட்டால் என் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

கேள்வி (மட்டக்களப்பு): கோயிலை இடித்த கல்லால்தான் கோட்டை கட்டினார்கள் என்பது உண்மையா, சும்மா சொல்வதா?

உண்மை. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் மலையில் இருந்த கோயிலை இடித்தார்கள், 1624இல் அதே இடத்தில் கோட்டை எழுந்தது. மீன் பொறித்த கல் வாசலில் இருப்பதற்குக் காரணம் அதுதான். அதனருகே ஒரு தமிழ் வாசகமும் இருக்கிறது. முன்பு குளக்கோட்டன் (இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்கிற அரசன்) செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், உடைப்பான் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். எழுத்து நன்றாகத் தேய்ந்துவிட்டது. முழுப்பாட்டையும் கல்லைப் பார்த்தே வாசிக்கிற மாதிரி யாராவது ஒப்பித்தால், அவர் வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். நானும் அப்படித்தான், ஆனால் சொல்லிவிட்டு ஒப்பிப்பேன்.

அப்புறம் கொடி மாறின கணக்கு. 1639இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், பிடித்தார்கள். 1782இல் நடந்ததுதான் வேடிக்கை: ஜனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் வந்து பறித்துக்கொண்டார், போர் முடிந்ததும் கோட்டை திரும்பவும் ஒல்லாந்தர் கைக்கே போனது. 1795இல் ஆங்கிலேயர் வந்தவர்கள் போகவில்லை. 1803இல் இளவரசர் ஒருவரின் பெயரைச் சூட்டி பிரெட்ரிக் கோட்டை ஆக்கினார்கள். சுதந்திரம் கிடைத்த பிறகும் கடற்படைத் தளத்தை 1957 வரை விடவில்லை. இவ்வளவு பேரும் கோட்டைக்காக அடிபட்டதாக நினைக்கக் கூடாது. எல்லோருக்கும் வேண்டியிருந்தது பின்னால் இருக்கிற துறைமுகம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் கிழக்குக் கரையில் கப்பல் ஒதுங்க அதைப் போல வேறு இடம் இல்லை. இதை வாசலில் நின்று சொன்னால் யாருக்கும் ஏறாது. மேலே போய்க் கடலைக் காட்டித்தான் சொல்வேன்.

கேள்வி (கொழும்பு): எத்தனை மணிக்குத் தொடங்குவது நல்லது? நாங்கள் ஹோட்டலில் காலைச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு வரலாமா?

வராதீர்கள். ஆறு மணிக்குக் கோட்டை வாசலில் நில்லுங்கள், சாப்பாடு பிறகு. மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே கச்சான் காற்று. தரையில் இருந்து வருகிற வறண்ட, சூடான காற்று, கடல் பக்கத்தில் இருந்தும் முகம் எரியும். ஆரம்பத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். ஒரு குடும்பம் பிந்தி வந்தது, பரவாயில்லை என்று பத்தரை மணிக்கு மலையேற்றினேன். கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும்தானே. அந்தக் கல்லில் அவர்களுடைய அம்மா பத்தடி போனார், அப்புறம் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நிழல் தேடி ஓடக்கூட முடியாமல் நின்றார். நான் என் துவாயை விரித்துப் போட்டு அவரைத் தூணருகே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்றைக்கு அவர் மேலே இருக்கிற இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. வயதானவர்கள் வந்தால் ஒரு சோடி தடித்த மேஸ் (காலுறை) கொண்டு வாருங்கள். மேலே போகும்போது அவர்களை ஓட்டோவில் ஏற்றிவிட்டு நாங்கள் நடப்போம், இறங்கும்போது அவர்களும் நடந்து வரலாம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி (சென்னை): இராவணன் வெட்டு, காதலர் பாய்ச்சல் என்று இரண்டு இடம் சொல்கிறார்கள். வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எதை நம்புவது சார்?

என்னைக் கேட்டால் ஒரு வழிகாட்டியை அளக்கிற கோல் இதுதான்: எது கதை, எது கல் என்று பிரித்துச் சொல்கிறாரா? இராவணன் தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்து வாளால் வெட்டினான் என்பது கதை. நான் முழுக்கச் சொல்வேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்தப் பிளவு பாறை வெடிப்பு. அதன் ஓரத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டின சின்னச் சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடுவதைப் பார்க்கலாம், அது கதையும் இல்லை, கல்லும் இல்லை.

மற்றது ஒல்லாந்துப் பெண் பிரான்சினா வான் ரீட். காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து மலையிலிருந்து குதித்தாள் என்பார்கள். அவள் பெயரும் 1687 என்ற ஆண்டும் பொறித்த தூண் ஒன்று இருக்கிறது. தூண் உண்மை. ஆனால் ஒல்லாந்தர் ஆவணங்களின்படி அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து கல்யாணமும் கட்டியிருக்கிறாள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தூணே இடித்த கோயிலின் தூண் என்பது. குதிக்காத ஒருத்தியின் பெயரை வெட்டுவதற்கு உடைந்த கோயிலின் தூண் கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

இப்போதுள்ள கோயிலைப் பழையது என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. சம்பந்தர் தேவாரம் பாடின தலம் என்பது சரி. ஆனால் 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர் முதலான வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன, 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடி நண்பர் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் இறங்கிக் கோயிலின் உடைந்த தூண்களையும் கற்களையும் கண்டார்கள், 1963இல்தான் இன்றைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம். என் பெரியம்மா அந்தக் கும்பாபிஷேகத்துக்குப் போனவர். கோயிலின் வயதை விடத் தன் வயது கூட என்று சிரிப்பார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வழிகாட்டியை எப்படித் தெரிவு செய்வது? போன முறை எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அரை மணித்தியாலம் கோட்டை, ஒரு மணித்தியாலம் இரத்தினக் கடை என்று முடித்துவிட்டார்.

ஐயோ, அது எங்கேயும் நடக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை உரிமம் கொடுக்கிறது. நாடு முழுக்கக் கூட்டிக்கொண்டு போகிறவர், ஒரு பகுதிக்கு மட்டும் உரியவர், ஒரு தலத்துக்கு மட்டும் உரியவர், வாகனத்தோடு வருகிறவர் என்று பிரிவுகள் உண்டு. அட்டையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள், கோபித்தால் விட்டுவிடுங்கள். காசைப் பேசும்போது மூன்றைத் தெளிவாகப் பேச வேண்டும்: தலைக்கா, குழுவுக்கா, எத்தனை மணித்தியாலம், ஓட்டோவும் நுழைவுச்சீட்டும் அதற்குள்ளா வெளியிலா. கடைக்குப் போக மாட்டோம் என்பதை முதலே சொல்லிவிட்டால் சில பேர் வரவே மாட்டார்கள். நல்லது.

இன்னொன்று, தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். தமிழர்களே வந்து, தமிழர் ஒருவரிடம், ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு நடப்பதை வாரத்துக்கு ஒரு தரம் பார்க்கிறேன். பிள்ளைகளுக்காக என்பார்கள். பிள்ளைகளுக்கு இடையில் இரண்டு வரி மொழிபெயர்த்தால் போதாதா?

கேள்வி (பாரிஸ்): கோட்டையை விட்டால் நகரத்துக்குள் நடக்க என்ன இருக்கிறது? சின்ன ஊர்தானே.

சின்ன ஊர் என்பதுதான் வசதி. மலையிலிருந்து இறங்கி டச் பே கடற்கரையோரமாக டைக் வீதிக்கு வந்தால், ஓட்டுக்கூரையும் தாழ்ந்த விறாந்தையுமாகச் சில பழைய வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன, அடுத்த முறை வரும்போது இரண்டு குறைந்திருக்கலாம். அங்கிருந்து வான்நீல முகப்போடு நிற்கிற மரியன்னை பேராலயம், பிறகு விளையாட்டரங்குக்கு எதிரே பத்திரகாளி அம்மன் கோயில். அந்தக் கோபுரத்தின் நிறங்களுக்காகவே சிலர் வருவார்கள். கொஞ்சம் தள்ளி ஆங்கிலேயர் கால மயானத்தில் சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, 1852இல் பர்மாவில் நோயால் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். கடைசியில், ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை அதிகாரி ஒருவரின் வீட்டைத் திருத்தி ஆக்கிய கடல்சார் அருங்காட்சியகம். அதன் தடித்த சுவருக்குள் நுழைந்ததும் உடம்பு குளிரும், பத்து மணிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்!

கேள்வி (வவுனியா): காந்தி சிலையடியில் நிறுத்துவீர்களா?

நிறுத்துவேன். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் அந்தச் சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வெளியூர் ஆட்கள் கடலையும் ஐஸ்கிரீம் வண்டியையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், இந்த ஊர்ச் சனத்துக்கு அது அப்படியான இடம் இல்லை. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் ஒரு வசனம் சொல்வேன். பாட்டுப் பாடுகிற மாதிரி அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி (கண்டி): கோட்டைக்குள் மான்களுக்குச் சாப்பிடக் கொடுக்கலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

வேண்டாம். புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் மைதானத்திலும் ஆடு மாதிரித் திரியும், பையில் கச்சான் கடலை இருந்தால் மூக்கை உள்ளேயே விட்டுவிடும், ஈரமான, கறுத்த, நடுங்குகிற மூக்கு. பிள்ளை சிரிக்கும், நீங்கள் படம் எடுப்பீர்கள். ஆனால் மான் கடலையோடு அந்தப் பையையும் தின்னும். பிளாஸ்டிக் வயிற்றில் அடைத்துச் செத்த மான்களை இந்த ஊர் பார்த்துவிட்டது. பூசை முடிந்த வாழைப்பழத் தோலும் வேண்டாம். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், ஆண்மானின் கொம்பு விளையாட்டுச் சாமான் இல்லை.

கேள்வி (லண்டன்): டிரோன் பறக்க விடலாமா?

கோட்டைக்குள் ஆமி முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் நேவி. விடாதீர்கள். கைப்பேசியிலும் முகாமைப் படம் எடுக்க வேண்டாம். துறைமுக வாசலில் ஒஸ்டன்பேர்க் கோட்டை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில், அது கடற்படைத் தளத்துக்குள். அனுமதி இல்லாமல் போக முடியாது, நடையில் நான் அதைச் சேர்ப்பதும் இல்லை.

கேள்வி (திருச்சி): அதே நாளில் கன்னியா வெந்நீரூற்று, தம்பலகாமம் கோயில், மூதூரில் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்ட இடம் எல்லாம் பார்த்துவிடலாமா அண்ணா?

பார்க்கலாம், ஆனால் அது நடை இல்லை, வான் ஓட்டம். 1660இல் ஆங்கிலேயக் கப்பலோட்டி நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், நகரத்தோடு ஒட்டாது. கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு வேறொரு நாள் காலையில் போங்கள். தம்பலகாமத்துக்கு மட்டும் நான் பரிந்துரை செய்வேன், ஏனென்றால் இங்கே கோயில் இடிபட்டபோது காப்பாற்றிய திருவுருவங்களைக் கொண்டுபோய் வைத்த தலமாக அதைச் சொல்கிறார்கள். மலையைப் பார்த்த அடுத்த நாள் அங்கே போனால் கதை தொடரும்.

கேள்வி (டொரொண்டோ அக்கா மறுபடியும்): பிள்ளைகள் வரலாறு என்றாலே ஓடுவார்கள். அவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஓகஸ்டில் வருகிறீர்கள், கொஞ்சம் துரதிர்ஷ்டம். மார்ச், ஏப்ரலில் என்றால் மலை உச்சியில் நின்றே திமிங்கிலம் ஊதுவதைக் காட்டலாம், அந்த நேரத்தில் சில நாள் நானே கதையை மறந்துவிடுவேன். இப்போதைக்கு மீன் கல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லி விடுங்கள், நான் காட்ட மாட்டேன். முதலில் கண்டுபிடிக்கிறவருக்கு நடை முடிந்ததும் இடியப்பத்தோடு மேலதிகமாக ஒரு உளுந்து வடை.

கேள்வி (மலேசியா): டிசம்பரில்தான் விடுமுறை. மழையில் நடக்க முடியுமா?

முடியும், விடாத மழை என்றால் நாளை மாற்றிக்கொள்வோம், அதற்குக் காசு எடுப்பதில்லை. கடல் அந்த மாதத்தில்தான் பார்க்க வேண்டிய கடல், மலையடியில் அலை மோதுகிற சத்தம் மேலே கோயிலுக்குள் கேட்கும். குடை வேண்டாம், வாடைக்காற்று பறித்துக்கொண்டு போய்விடும். மழைக்கோட் கொண்டு வாருங்கள்.